நீன் என்றால் நான்

தோ பாயோ சமூக மன்றம், மூன்றாம் மாடி.
கீழே யாரோ பூப்பந்து ஆடுகிறார்கள்.
வார நாட்களில் நீதிமன்றத்தில்
அடுத்தவர் பொய்யையும் மெய்யையும்
ஒரே குரலில் ஆங்கிலமாக்குகிறவள் நான்.
இன்று சனிக்கிழமை, மணிக்கு அறுபது வெள்ளி.
கனடாவிலிருந்து வந்த ஒஜிப்வே தலைவி பேச,
பின்வரிசையில் விடுதித் தொழிலாளர் நால்வருக்கு
தமிழில் நான்.

டோரீன் கீஷிக். ஐம்பது இருக்கும்.
தலையில் இறகு இல்லை.
காலில், நேற்று முஸ்தபாவில் வாங்கிய செருப்பு.

முதல் கேள்வி ஓர் உயர்நிலை இரண்டு மாணவன்:
"உங்கள் கட்டளைக்கு எத்தனை பேர் கீழ்ப்படிவார்கள்?"
விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு
"ஒருவருமில்லை" என்றாள்.
"நான் சொல்வேன். கேட்பார்கள்.
சரியில்லை என்று பட்டால்
படகைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.
அப்புறம் நான் தலைவி இல்லை,
கரையில் தனியே பேசிக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளை."

ஏரியில் தானே விளையும் நெல்லைப் பற்றிச் சொன்னாள்.
படகில் போய்க் கோலால் தட்டி உதிர்ப்பார்களாம்.
பழுத்துவிட்டது என்று ஒருவர் சொல்லும்வரை
யாரும் கோலை எடுப்பதில்லை.
பின்வரிசையில் திருவாரூர்க்காரர் தலையாட்டினார்,
மடை திறக்கும் நாள் தெரிந்தவர்.

பிறகுதான் வந்தது வினை.
"அந்த வருடம் வீ முடிவெடுத்தோம்," என்றாள், ஆங்கிலத்தில்.
வாய் திறந்தேன். நின்றேன்.
நாமா? நாங்களா?
மூன்று விநாடி,
ஒலிவாங்கியில் என் மூச்சு மட்டும்.

"என்ன?" என்று திரும்பினாள்.
எங்களிடம் இரண்டு இருக்கின்றன, என்றேன்.
கேட்பவரைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று.
நீங்கள் சொன்னது எது?

"உங்களிடமுமா," என்றாள்.
வெண்பலகையைத் தேடிப் போய் எழுதினாள்.
நீன் என்றால் நான்.
கீன் என்றால் நீ.
(எனக்குத் தலை சுற்றியது:
அவர்கள் நானுக்குள் நம் நீ கிடக்கிறது.)
நீனவிந்த், நீ இல்லாத நாங்கள்.
கீனவிந்த், நீ முன்னால் நிற்கும் நாம்.

நாற்காலி அடுக்க வந்திருந்த ஜும்ரி
கதவோரம் நின்று, யாரும் கேட்காமலே,
"காமி. கித்தா," என்றார்.
அதே இரண்டு. மலாயில்.

"நூற்றைம்பது வருடத்துக்கு முன்
ஒரு தாளில் எங்கள் ஆட்கள் கீறல் போட்டார்கள்.
அதில் வீ என்றுதான் இருக்கிறது.
எந்த வீ என்று அவர்களுக்குத் தெரியும்,
தாளுக்குத் தெரியாது.
நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் இருந்தான்.
அவன் பெயர் இருக்கிறது.
அவன் எங்கே நின்று யோசித்தான் என்பது இல்லை."
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
எனக்குத்தான் சொன்னாள்.

போன மாதம், ஒரு சாரக்கட்டு வழக்கு.
ராமநாதபுரத்துப் பையன்
நீதிபதியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி
"நாம என்னக்கா பண்ண முடியும்?" என்றான்.
வாட் கேன் வீ டூ, என்றேன். பதிவாயிற்று.
அந்த வீக்குள்
பக்கத்தில் நின்ற முதலாளி ஏறிக்கொண்டார்.
நான் இறங்கிவிட்டேன்.

"அப்படியானால் இப்போது எது?" மறுபடி கேட்டேன்.
கட்டளையிடத் தெரியாத அந்தத் தலைவி
பின்வரிசையைக் காட்டினாள்:
"அவர்களைக் கேளுங்கள். வருகிறார்களா என்று."

நால்வரும் குனிந்து பேசிக்கொண்டார்கள்.
திருவாரூர்க்காரர் எழுந்தார்.
"இப்போதைக்கு நாங்கள்னே போடுங்கம்மா.
நெல்லு பழுக்கட்டும்."

போட்டேன்.
அவர்கள் அந்த வருடம் என்ன முடிவெடுத்தார்கள் என்பது
இப்போது எனக்கு ஞாபகமில்லை.
ஜும்ரி, அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை உருவி,
விரித்து, உட்கார்ந்தார்.